வள்ளல் வருகிறார், ஒதுங்கி நில்லுங்கள்

பெரிய வண்டிகளைக் குறைசொல்வது ஐரோப்பாவில் இப்போது படித்தவர்களின் பொழுதுபோக்கு. நகரசபைகள் கட்டணத்தை ஏற்றுகின்றன, பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுகின்றன, நடந்து போகிறவர்கள் முறைக்கிறார்கள். காலையில் எழுந்ததும் இரண்டரை டன் இரும்பை ரொட்டிக்கடை வரை ஓட்டிச் சென்று, அரை கிலோ ரொட்டியோடு அதே இரண்டரை டன்னைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் மனிதரைப் பாராட்ட நாதியில்லை. புரவலர்களைப் பாடிப் பழகிய மொழியில் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தக் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் ஒரு பொய்யைத் தீர்த்துவிடுவோம். வண்டிகள் பெரியவை அல்ல, தெருக்கள்தான் சிறியவை. சியெனாவிலும் டொலேடோவிலும் பழைய ஊர்ப் பகுதியைக் கட்டியவர்கள், இருபுறமும் பொதி தொங்கும் கழுதை ஒன்று சிரமமின்றிப் போனால் போதும் என்று இருந்துவிட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து ஒருவர் தம் ஒரே மகளைப் பியானோ வகுப்பில் விட ஏழு பேர் அமரும் வண்டியில் வருவார் என்ற தொலைநோக்கு அவர்களுக்கு இல்லை. கார்களாவது தம் பங்குக்கு வளர்ந்துகொண்டு இருக்கின்றன. ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ.; 2023-ன் முற்பாதியில் 180.3 செ.மீ. இரண்டாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே காலத்தில் சியெனாவின் சந்துகள் எவ்வளவு அகன்றன? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. யாரிடம் முயற்சி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை இதிலேயே கண்டுகொள்ளலாம்.

தெருக் கட்டியவர்களைப் போலவே முந்தைய தலைமுறைப் பொறியாளர்களும் கஞ்சர்கள். 1957-ல் டான்டே ஜாக்கோசா என்ற இத்தாலியர் ஃபியட் 500 என்று ஒன்றைச் செய்தார். நீளம் 2.97 மீட்டர், எடை சுமார் 500 கிலோ. இன்றைய ரேஞ்ச் ரோவர் ஒன்றின் எடையில் அப்படிப்பட்ட ஐந்தைச் செய்து ஐந்து குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்பதைப் பார்த்தால், அந்த மனிதர் எவ்வளவு அற்பமாக யோசித்திருக்கிறார் என்று புரியும். சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பட்டதும் பயந்துபோன பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் 1959-ல் மினியைக் கொண்டுவந்தார்: 3.05 மீட்டருக்குள் நான்கு பேர். நான்கு பேரை மூன்று மீட்டரில் உட்காரவைத்தவரை மேதை என்கிறார்கள். ஒரே ஒருவரையும் அவருடைய மடிக்கணினிப் பையையும் ஐந்து மீட்டரில் பரப்பி வைத்திருக்கும் இன்றைய பொறியாளரை என்னவென்று புகழ்வது? எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

பிரான்சின் சிட்ரோயென் 2சிவி இன்னும் வேடிக்கை. நிறுவனத்தின் தலைவர் பியேர் பூலாஞ்சே பொறியாளர்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும், உழுத வயலைக் கடந்தாலும் கூடையில் உள்ள முட்டை உடையக்கூடாது. 1948-ல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளிவந்தபோது எஞ்சினின் பலம் 9 குதிரைச் சக்தி. சேற்றையும் வரப்பையும் தாண்ட அவர்களுக்கு ஒன்பது போதுமாக இருந்திருக்கிறது. அன்றைய மக்கள் எதற்கும் ஆசைப்படாதவர்கள். இன்று முனிக்கில் வழுவழுப்பான தார்ச்சாலையில் பள்ளிக்கூட வாசல் வரை போக நானூறு குதிரைகள் தேவைப்படுகின்றன. ஏன் என்று கேட்பவர்கள் அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததில்லை. அங்கே ஒரு வேகத்தடை இருக்கிறது.

பெருவாகனத்தின் வீரத்தைப் பற்றி விற்பனைக் கையேடுகள் சொல்வதை நான் வரிவிடாமல் நம்புகிறேன். 90 செ.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கிக் கரையேறும். பாறை, மணல், பனி என்று சக்கரங்களின் பிடியைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும். கழுத்தை ஒடிக்கும் சரிவில் தானாக நிதானித்து இறங்கும். இத்தனை ஆற்றலையும் அடக்கிக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் மினுமினுப்புக் குலையாமல் நிற்கிறதே, அந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்? ஒரு கீறல் இல்லை. சக்கர வளைவில் ஒரு துளிச் சேறு இல்லை. மாதம் ஒருமுறை மெழுகுப் பூச்சு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை அவ்வையார் எவ்வளவு மனநிறைவோடு பாராட்டினாரோ, அதே மனநிறைவோடு நானும் பாராட்டுகிறேன்.

ஆல்ப்ஸ் மலை ஊர்களில் இந்த நாகரிகம் இன்னும் முழுதாகப் பரவவில்லை என்பது வருத்தம். அங்கே மாட்டுப் பிரசவத்துக்கு ஓடும் கால்நடை மருத்துவரும், மேய்ச்சல் நிலத்துக்கு உப்பு கொண்டுபோகும் விவசாயியும், 1983-ல் வந்த ஃபியட் பாண்டாவின் நாற்சக்கர இயக்க வகையைத்தான் பல ஆண்டுகள் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். சிலர் இன்றும் விடவில்லை. நீளம் 3.4 மீட்டர், பலம் 48 குதிரை. கதவு நசுங்கி, முன்விளக்கு ஒட்டுப்போட்டு, பாதி நாள் பட்டறையில் கிடக்கும். பனியில் உண்மையாகவே ஏறுவதால் வரும் அவலம் இது. மலைக்குப் போகிற வண்டியை மலைக்கு ஓட்டிப்போனால் இப்படித்தான் ஆகும் என்பதைப் புரிந்துகொண்டு ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் விவேகிகள்.

அந்த விவேகிகள் வண்டியை நிறுத்தும் விதமும் பாடத்தக்கது. பிரிட்டனில் வழக்கமான நிறுத்துமிடக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். ரேஞ்ச் ரோவரின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடிகளை விரித்தால் அகலம் 2.2 மீட்டர். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதால் பின்னால் வருபவர்களுக்கு அங்கே ஒரு வண்டி நிற்பது தூரத்திலிருந்தே தெரிகிறது; இதுவும் ஒரு பொதுச்சேவை. இரண்டு மீட்டர் உடம்புள்ள இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நின்றால் நடுவே மிஞ்சுவது 40 செ.மீ. அதற்குள் கதவைத் திறந்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நழுவி இறங்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறவர்கள் இதன் மதிப்பை உணர்வார்கள். பிள்ளையைக் கார் இருக்கையிலிருந்து தூக்கி எடுக்க வேண்டிய தாய்மாருக்குக் கூடுதல் பயிற்சி.

பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவில் இந்தப் பயிற்சியின் உயர்நிலை வகுப்பை ஒரு சனிக்கிழமை பார்த்தேன். புறநகரிலிருந்து ஏழு இருக்கை வண்டியில் கணவனும் மனைவியுமாக வந்திருந்தார்கள். மற்ற ஐந்து இருக்கைகளும் முருங்கைக்காய்க்காக. அக்காவைக் கடை வாசலில் இறக்கிவிட்டு அண்ணை இடம் தேடிப் போயிருக்கிறார். நான் பார்க்கும்போது அக்கா பைகளோடு நடைபாதையில் நின்றார்.

“இவர் இன்னும் சுத்திக்கொண்டுதான் திரியிறார் தம்பி. நான் மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி முடிச்சிட்டன். கறி வைச்சுச் சாப்பிட்டிட்டும் வரலாம் போல இருக்கு.”

சற்று நேரத்தில் அண்ணை வந்தார். நடுத்தெருவில் நிறுத்தி, நான்கு மூலை விளக்கையும் சிமிட்டவிட்டு, கண்ணாடியை இறக்கினார். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. “அவனுக்கு என்ன அவசரமோ தெரியேல்லை. ஏறும், ஏறும்” என்று மனைவியை அழைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னாலும் தம்பி, மேல இருந்து பார்த்தா றோட்டு முழுக்கத் தெரியும். அதுதான் இதின்ர சுகம்.” அவர் சொன்னது உண்மைதான். முன்சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, இழுவைப் பையோடு நின்ற பிரெஞ்சுப் பாட்டியைத் தவிர, றோட்டு முழுக்க அவருக்குத் தெரிந்தது.

அண்ணை சுற்றிக்கொண்டே இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2024 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் நகரம் தன் மக்களிடம் வாக்குக் கேட்டது: கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா? வாக்காளரில் நூற்றுக்கு ஆறு பேர்கூட வரவில்லை, வந்தவர்களில் 54.55 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபர் முதல், 1.6 டன்னோ அதற்கு மேலோ எடையுள்ள பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் வண்டியில் வெளியூரிலிருந்து வருபவர் நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ கட்ட வேண்டும். மின்கார் என்றால் வரம்பு 2 டன். ஆறு மணி நேரம் நின்றால் 225 யூரோ. லாச்சப்பல் கடைத்தெருவின் பெரும்பகுதி 10-ஆம் வட்டாரத்தில் இருப்பதால் முருங்கைக்காய்க்கும் இதே விலைதான். நன்றிகெட்ட நகரம் என்று சிலர் திட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கட்டு முருங்கைக்காய்க்காக நகராட்சிக் கருவூலத்துக்கு 18 யூரோ வழங்கும் வாய்ப்பு சாதாரண மனிதனுக்குக் கிடைக்குமா? வள்ளல்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

பிரெஞ்சு அரசு இதில் நகரத்துக்கும் முன்னோடி. 2022-லிருந்து புதிய கார் 1,800 கிலோவைத் தாண்டினால் தாண்டும் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ வரி என்று வைத்தது. 2024-ல் வரம்பை 1,600 கிலோவுக்கு இறக்கியது. சந்தையில் வெண்டைக்காயைப் போல வண்டியும் கிலோ கணக்கில் விலைபோவது அதற்குக் கிடைத்த கௌரவம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மானியர்கள் எதையும் அளந்து செய்கிறவர்கள். ட்யூபிங்கன் நகரம், 1.8 டன்னுக்கு மேற்பட்ட எஞ்சின் வண்டிக்குக் குடியிருப்போர் நிறுத்த அனுமதியை ஆண்டுக்கு 180 யூரோ ஆக்கியது; மற்றவர்களுக்கு 120. ஃப்ரைபுர்க் எடையை விட்டு நீளத்தைப் பிடித்தது: குட்டைக் காருக்கு 240, நடுத்தரத்துக்கு 360, 4.70 மீட்டரைத் தாண்டினால் 480. ஒருவர் வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023-ல் அந்த விதியை அடித்துவிட்டது. கொண்டுவந்த சட்ட வடிவம் தவறு. மேலும், சில சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குக் கட்டணம் அப்படித் தாவுவது சமத்துவத்துக்கு முரண் என்றது. நீளத்தில் சிறு வேறுபாட்டைப் பெரிதுபடுத்தக் கூடாது என்ற அந்தப் பெருந்தன்மையைப் பெருவாகனக்காரர்கள் எப்போதும் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள், குறிப்பாகக் கட்டத்தின் கோட்டைப் பொறுத்தவரை.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2022-ல் பிரிட்டனில் கிளம்பிய ஒரு கூட்டம் இரவில் பெரிய வண்டிகளின் டயர் வால்வு மூடிக்குள் ஒரு பருப்பு மணியை வைத்துத் திருகிவிட்டுப் போகத் தொடங்கியது. காற்று மெல்ல இறங்கிவிடும். 90 செ.மீ. வெள்ளத்துக்கும் பாலை மணலுக்கும் அஞ்சாத வண்டி ஒற்றைப் பருப்புக்கு மண்டியிட்டது. அடுத்தவர் வண்டியைத் தொடுவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வண்டியின் ஆற்றலைப் பட்டியலிடும் கையேட்டில் பருப்பைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிகளுக்குப் போனால் பெருவாகனம் ஓர் ஆசிரியராகவும் விளங்குவதைப் பார்க்கலாம். அங்கே நாட்டுப்புறச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம். இருபுறமும் ஆளுயரத்துக்கு மண்மேடும் கல்சுவரும், அதன்மேல் செடி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் கடைசியாகத் தாண்டிய ஒதுங்கிடம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். பெரியவர் பின்னோக்கிப் போகமாட்டார். முடியாது என்பதல்ல, வண்டியைச் சுற்றி நாலைந்து கேமராக்கள் வைத்திருக்கிறார். செடி உரசிப் பூச்சு போய்விடும். ஆகவே தபால்காரியும் பால் வண்டிக்காரரும் பழைய ஹேட்ச்பேக்கில் வரும் தாதியும் இரண்டு வளைவு தாண்டிப் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாவட்டங்களில் பின்னோக்கி ஓட்டும் கலை அழியாமல் இருப்பது பெருவாகனத்தின் கொடை.

ஜெர்மன் நெடுஞ்சாலையில் அதே பெரியவர் பணிவும் காட்ட வேண்டியிருக்கும். சாலைப் பணி நடக்கும் இடங்களில் இடது தடத்துக்கு 2 மீட்டர் அல்லது 2.1 மீட்டர் என்று அகல வரம்புப் பலகை வைப்பார்கள். பக்கக் கண்ணாடிகளும் கணக்கில் சேரும். பதிவுத்தாளில் எழுதியிருப்பதோ கண்ணாடி இல்லாத அகலம். விதியை மதித்தால், மணிக்கு 250 கி.மீ. போகும் வண்டி போலந்துத் தக்காளி ஏற்றிய லாரிக்குப் பின்னால் 80-ல் ஊர்ந்துபோக வேண்டும். இடது தடத்தில் அந்தப் பழைய ஃபியட்கள் கடந்து போகும். இவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு லாரியின் பின்விளக்கைத் தரிசித்தபடி போகும் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது பாதுகாப்பு என்கிறார்கள். அது மறுக்க முடியாதது. உள்ளே இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார், வெளியே இருப்பவர் உள்ளே இல்லாதது அவருடைய குற்றம். ஐரோப்பாவில் புதிய கார்களின் சராசரி முன்மூடி உயரம் 2010-ல் 77 செ.மீ. அளவில் இருந்தது, 2024-ல் 84-ஐ நெருங்கிவிட்டது. 80 செ.மீ.யிலிருந்து 90-க்கு உயர்ந்தால் இடிபடும் பாதசாரியோ சைக்கிள்காரரோ இறக்கும் அபாயம் கால் பங்குக்கு மேல் கூடுகிறது என்று பெல்ஜியத்தின் வியாஸ் நிறுவனம் கணக்கிட்டது. தாழ்ந்த கார் காலில் மோதிப் பானெட்டின் மேல் தூக்கிப்போடும். உயர்ந்த வண்டி மார்பிலும் தலையிலும் மோதிக் கீழே தள்ளும். ஒருவரைக் காலில் தட்டுவது அவமரியாதை என்று நினைத்து நேருக்கு நேர் சந்திக்கிறது போலும். ராம் டிஆர்எக்ஸ் என்ற அமெரிக்க பிக்கப்பை ஓட்டும் சராசரி உயரமுள்ளவருக்கு, மூக்குக்கு நேர் முன்னால் நிற்கும் 9 வயதுவரை உள்ள பிள்ளை கண்ணில் படாது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்றால் நாலரை வயதுவரை. பள்ளி விடும் நேரத்தில், பள்ளி வாசலில், குழந்தைகளை மறையவைக்கும் இந்த வித்தையைத் தம் சொந்தக் குழந்தையின் பாதுகாப்புக்காகவே பெற்றோர் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பாசத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மேலே இருந்தால் றோட்டு தெரியும் என்ற அண்ணையின் வாதத்துக்கு ஒரு சின்ன இடைஞ்சல் வந்திருக்கிறது. 2010-ல் விற்ற புதிய கார்களில் எட்டில் ஒன்றுதான் எஸ்.யூ.வி.; இப்போது பாதிக்கு மேல். முன்னால் போகிறவரும் மேலே ஏறிக்கொண்டார். ஆகவே எல்லோரும் உயரத்தில் உட்கார்ந்து, எல்லோரும் முன்னவர் வண்டியின் பின்கண்ணாடியைப் பார்க்கிறார்கள். இதற்கு மருந்து இன்னும் உயரமான வண்டி. நிறுவனங்கள் ஏற்கெனவே வேலையில் இறங்கிவிட்டன. லாபமும் அதில்தான் அதிகம்.

வெளியிலிருந்தும் உதவி வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் வெளியிட்ட கூட்டறிக்கையில், கார்களைப் பொறுத்தவரை ஒருவர் தரவிதிகளை மற்றவர் ஏற்றுக்கொள்ள எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை கண்ணாடியோடு 2.4 மீட்டருக்கு மேல் அகலமும் ஆறு மீட்டரை நெருங்கும் நீளமும் உள்ள ஃபோர்டு எஃப்-150 போன்றவை தனி வண்டி அனுமதி என்ற பக்கவாசல் வழியாகக் கூச்சத்தோடு நுழைந்துகொண்டிருந்தன. முன்வாசல் திறந்தால் நிமிர்ந்து வரலாம். ஒரு சிறு சிக்கல் மட்டும் உண்டு. பாதசாரியின் தலையும் காலும் மோதினால் வண்டியின் முன்பகுதி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று ஐரோப்பாவில் 2005 முதல் சோதித்துத்தான் புதிய மாடல்களுக்கு அனுமதி தருகிறார்கள். அந்த அறிக்கை வந்தபோது அமெரிக்காவில் அப்படிக் கட்டாயச் சோதனை இல்லை. ஆனால் இதற்காக ஒப்பந்தத்தைக் குழப்ப வேண்டியதில்லை. தன்னை நோக்கி வரும் வண்டி எந்தக் கரையில் தேறியது என்று விசாரித்துக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டியது பாதசாரியின் பொறுப்பு. நடந்து போகிறவர்தானே, அவருக்கு நேரம் இருக்கும்.